சுரங்க நகரில் ஓர் அறைவீடு

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஜெபம் செய்யும் முறையைப் பற்றி இயேசுநாதர் கூறிய அறிவுரை ஒன்று உள்ளது. பிறர் காணும்படி தெருமுனையில் நின்று ஜெபிப்பதை விடுத்து, வீட்டின் உள்ளறைக்குச் சென்று, கதவை அடைத்துக்கொண்டு, மறைவில் இறைவனை வேண்டவேண்டும் என்பது அதன் கருத்து. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் அவ்வுள்ளறைக்கு 'அறைவீடு' என்னும் சொல் ஆளப்பட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின்மீது நெடுநாளாக ஒரு கண். ஏனெனில், கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் உள்ள 'தமெயோன்' என்ற சொல் படுக்கையறையையும் குறிப்பதன்று, பூசையறையையும் குறிப்பதன்று; தானியமும் எண்ணெயும் சேமித்து வைக்கும் சரக்கறையையே முதலில் குறிப்பது. பாலஸ்தீனத்துக் குடியானவனின் எளிய வீட்டில் கதவு போட்டு அடைக்கக்கூடிய உள்ளிடம் அது ஒன்றே என்பர் உரையாசிரியர்.

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியில் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த 'லைன்' வீடுகளை அறிந்தவர்களுக்கு, இவ்வறிவுரையைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழாமற்போகாது. அவ்வீடுகளில் சரக்கறை ஏது? கதவுள்ள இரண்டாம் அறைதான் ஏது? முன்னாளில் அவை மூங்கில் தட்டிகளைக் கொண்டு கட்டிய குடிசைகள். பின்னாளில் வரிசையாக எழுப்பப்பட்ட சிறு வீடுகள். இருந்த ஓர் அறையிலேயே சமையல், பிள்ளைகளின் படிப்பு, இரவு வேலை முடித்து வந்தவரின் பகலுறக்கம் ஆகிய அனைத்தும் நடந்தாக வேண்டும். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். இத்தகைய இடத்தில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் தனிஜெபத்தில் மனத்தை எங்ஙனம் நிறுத்தினர் என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

தங்கவயலின் கதை அயல் மாநிலத் தமிழர்களுக்குப் புதிதன்று. ஆயினும் இளையோர்க்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுவோம். 1880-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே அடியெடுத்து வைத்தனர். மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க் என்ற சுரங்கங்கள் அவர்தம் நிருவாகத்தில் தழைத்தன. இவற்றுள் நந்திதுர்க், நந்தி மலைக் கோட்டையின் பெயரைத் தாங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர், சொந்த ஊரில் நிலமும் இன்றி, பொதுத்தெருவில் நடக்கும் உரிமையும் இன்றி இருந்தவர்கள். சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902-இல் இங்கு வந்து சேர்ந்தது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் பிறந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்க வேலை நின்றது.

இவ்வூரில் சமயங்கள் பல கலந்திருந்தன. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் வேர்விட்டது. மனத்தை அடக்கும் கலையைப் பற்றிய பேச்சு அவர்களிடமும் நிரம்ப உண்டு. கிறிஸ்தவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர், புராட்டஸ்டண்டு சபையினரும் இருந்தனர். எல்லாரையும் ஒன்றாக எழுப்பியது சுரங்கத்துச் சங்கு. தாதுக்கல்லை இடிக்கும் ஆலையின் ஓசை இரவும் பகலும் ஓயாது. இடையிடையே ஆழத்தில் பாறை தானாகவே வெடிக்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்று தொழிலாளர் அதனை வழங்கினர். அப்போது மேலே வீட்டுச் சுவர் நடுங்கும். அலமாரியிலுள்ள பாத்திரம் உருளும். கணவனோ மகனோ கீழே இருக்கும் வேளையில் அந்த நடுக்கத்தைக் கேட்ட பெண்ணொருத்தி, மறுநொடியே மனத்தை ஜெபத்தில் நிறுத்துவது எளிதா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஜெபத்தில் மனம் சிதறுவதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர் வழங்கும் சொல் 'பராக்கு' என்பது. பராக்கின்றி ஜெபிக்க வேண்டும் என்று பழைய ஞானோபதேசங்கள் கற்பிக்கும். பராக்குக்கு இடங்கொடுத்தேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுவர். இச்சொல்லில் ஒரு விந்தை உண்டு. அரசன் சபைக்கு எழுந்தருளும்போது கட்டியங்காரன் "பராக்! பராக்!" என்று கூவுவான் அல்லவா? அது கவனத்தைக் கோரும் கூவல். கவனமின்மைக்கும் கவனத்தைக் கோரும் அழைப்பிற்கும் தமிழில் ஒலி ஒன்றாகவே அமைந்துவிட்டது. இவ்விரண்டின் பிறப்பும் ஒன்றோ வேறோ என்ற வழக்கை நாம் தீர்க்கப் புகவில்லை. ஆனால் சுரங்க நகரத்து ஜெப வாழ்க்கையை நோக்கும்போது, இவ்விரு பொருளும் அடுத்தடுத்து நிற்பது பொருத்தமாகவே தோன்றுகிறது. மனம் போனது தெரிய வரும் கணமே அதனைத் திருப்பி அழைக்கும் கணம் ஆகிறது.

அங்ஙனம் திருப்பி அழைப்பதற்குரிய கருவிகள் தமிழருக்கு எப்போது கிடைத்தன? இதனை அறியச் சுரங்கத்தை விட்டுச் சற்றே கடற்கரைக்குச் செல்ல வேண்டும். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூரார் சிலரின் துணைகொண்டு விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி, முதலில் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர்த்தெருக்களில் நடந்து, சிறுவர்களைக் கூட்டி அவற்றைச் சொல்லிக் கொடுத்தார். கற்றுச் சென்ற சிறுவர் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பித்தனர். மூச்சையடக்கிக் கடலுக்குள் இறங்கும் மக்களுக்கு ஜெபம் என்பது நாவில் ஊறிய சொற்களாக வந்து சேர்ந்தது. ஏட்டிலே பார்த்துப் படிப்பதாக வரவில்லை.

அச்சிலே ஏறிய முதல் தமிழும் ஜெபத்தமிழே என்பது நாம் மறக்கத்தகாத செய்தி. 1554-இல் லிஸ்பன் நகரில், ரோமன் எழுத்தில் தமிழ் ஜெபங்களைத் தாங்கிய சிறுநூல் ஒன்று வெளிவந்தது. தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த என்றீக்கே என்றீக்கசு என்பவர் அதன் ஆசிரியர். பக்கங்கள் பதினாறே. அதனைத் தொடர்ந்து 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சிடப்பட்டது.

சவேரியாரும் அண்டிரிக் அடிகளாரும் இயேசு சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் எழுதிய தியானப் பயிற்சி நூலில் மூன்று ஜெப முறைகள் விளக்கப்பட்டுள்ளன. மூன்றாம் முறை இது: தெரிந்த ஜெபத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மூச்சுக்கு ஒரு சொல் வீதம் சொல்லிச் செல்வது. அடுத்த மூச்சு வரும்வரை அந்த ஒரு சொல்லின் பொருளையோ, யாரை நோக்கிச் சொல்கிறோமோ அவரையோ மனத்திற்கொள்வது. கதவுமில்லை, அறையுமில்லை, மூச்சே கதவு. அதற்கு அறிஞர் பட்டமும் வேண்டுவதில்லை, மனப்பாடம் ஒன்றே போதும்.

இதற்கு மறுப்பும் எழுந்தது. மனப்பாடம் செய்த ஜெபத்தில் உதடு அசையும், உள்ளம் உலாவும் என்பது அம்மறுப்பு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் முதலிய லுத்தரன் மதபோதகர்கள், உள்ளத்திலிருந்து சொந்தச் சொற்களில் எழும் ஜெபத்தை வற்புறுத்திய பக்தி மரபினர். அம்மறுப்பில் உண்மை உண்டு. நாமும் நம் வாழ்வில், முழு ஜெபத்தையும் பிழையின்றிச் சொல்லி முடித்த பிறகு, சொன்னோமா இல்லையா என்று ஐயுற்றதுண்டு. ஆயினும் சொந்தச் சொற்களில் ஜெபிப்பவர் மட்டும் பராக்கிற்குத் தப்பினரா? அவர்தம் ஆசானாகிய மார்ட்டின் லுத்தரே இவ்வகையில் எழுதிய சிறுநூல் ஒன்று உண்டு. விட்டன்பர்க் நகரில் அவருக்கு முகம் மழித்த நாவிதர் பீட்டர், ஜெபிப்பது எப்படி என்று கேட்டதற்கு விடையாக 1535-இல் அது வெளிவந்தது.

அதில் லுத்தர் எடுத்தாளும் உவமை நாவிதரின் தொழிலிலிருந்தே பிறந்தது. நல்ல நாவிதன் கண்ணையும் கருத்தையும் கத்தியின்மீதும் மயிரின்மீதும் வைத்திருப்பான். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு எங்கோ பார்ப்பவன் வாடிக்கையாளரின் மூக்கை அறுத்துவிடுவான். ஜெபமும் அத்தகையதே என்கிறார். அவர் காட்டும் வழியும் வியப்பானது. மனப்பாடமான ஜெபத்தையே எடுத்து, ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்து, அதில் கற்க வேண்டியது, நன்றி கூற வேண்டியது, அறிக்கையிட வேண்டியது, வேண்டிக்கொள்ள வேண்டியது என்று நான்கு புரிகளாக முறுக்கச் சொல்கிறார். நடுவில் உள்ளம் தானாகப் பேசத் தொடங்கினால் மற்றவற்றை விட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். ஆகவே இரு கட்சியாரும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் வெகுதூரத்தில் இல்லை. அந்த நாவிதரின் பின்கதை துயரமானது. அதே 1535-ஆம் ஆண்டில், உணவு மேசையில் எழுந்த தகராறில் அவர் தம் மருமகனைக் கத்தியாற் குத்திக் கொன்றார், நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஜெபத்தைப் பற்றிய நூல்களில் இச்செய்தியைப் பலர் விட்டுவிடுவது வழக்கம். விட்டுவிடுவது நேர்மையன்று எனக் கருதுகிறோம். உலகிலேயே சிறந்த ஆசானிடம் கற்றவனுக்கும் ஒரு கணம் கை தவறியது.

பெண்ணினத்திற் சிறந்த தவசியாகிய ஆவிலா தெரேசம்மாளின் (1515–1582) வாக்குமூலம் இதனினும் ஆறுதல் தருவது. பதினான்கு ஆண்டுகளுக்கு மேல், கையில் நூலொன்று இல்லாமல் தம்மால் தியானிக்க இயலவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். ஜெபநேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலமும் உண்டாம். சங்கு ஒலிக்கக் காத்திருந்த தங்கவயலார் இதனைப் படித்தால் புன்முறுவல் பூப்பர்.

தங்கவயலுக்கு வந்த வெள்ளையருள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத்தார் பலர். ஜான் வெஸ்லி மெதடிஸ்டு சமயத்தைப் பரப்பிய இடங்களுள் கார்ன்வால் தலையாயது. அங்கே குவென்னாப் என்னும் ஊரில், பழைய சுரங்கம் உள்ளமிழ்ந்ததால் உண்டான பள்ளத்தில் நின்று, 1762 முதல் 1789 வரை அவர் பதினெட்டு முறை பிரசங்கித்தார். சுரங்கப் பள்ளமே கோயிலான அம்மரபினர் கடல் கடந்து இங்கு வந்தபோது, அதிகாரிகளின் வரிசையில் நின்றனர். தமிழ்த் தொழிலாளியின் ஓரறை வீட்டிற்கும் அவர்களுடைய பங்களாவிற்கும் இடையே இருந்த தொலைவை எந்த ஜெபமும் குறைத்ததாகத் தெரியவில்லை.

தொழிலாளரின் தாய்மாவட்டமாகிய வட ஆற்காட்டிலோ வேறொரு முயற்சி நடந்தது. தங்கவயலிலிருந்து சில மணிநேர ரயில் தொலைவிலுள்ள திருப்பத்தூரில், 1921-இல் டாக்டர் ஏசுதாசனும் ஸ்காட்லாந்து நாட்டவரான டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தனர். இருவரும் மணம் புரியவில்லை, கதர் உடுத்தினர், நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தனர். தமிழ்நாட்டுக் கோயில் அமைப்பில் அவர்கள் எழுப்பிய 'ஜெபாலயம்', இந்திய முறையில் தரையில் அமர்ந்து அமைதியுறுவதற்கான இடம். அழகிய இடந்தான். ஆனால் மூன்று ஷிப்டுகளில் உழைப்பவன் ஆசிரமத்தைத் தேடிச் செல்ல இயலாது. அவனுக்கு வேண்டியது, தலைவிளக்கைப்போல உடன் எடுத்துச் செல்லத்தக்க ஒன்று.

அது எத்தகையது என்பதை நாம் கேட்டறிந்தது நந்திதுர்க்கிலேதான். நம் தாய்மாமன் ஒருவர் அச்சுரங்கத்தில், கூரைப்பாறை இறங்காதபடி மரங்களைக் கொண்டு முட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். சுரங்கம் மூடப்பட்ட 2001 வரையில் உழைத்தவர். கத்தோலிக்கர். சென்ற ஆண்டு விடுமுறையில் அவரைக் காணச் சென்றிருந்தோம். "கீழே போனால் ஜெபம் சொல்வீர்களா, மாமா?" என்று கேட்டோம். "சொல்லாமல் இருப்பேனா, மாப்பிள்ளை? ஆனால் நீளமாகச் சொல்லக்கூடாது" என்றார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். கூண்டில் இறங்கும்போது ஜெபமாலையை வெளியே எடுக்க முடியாது, நெருக்கம். ஆகவே விரற்கணுக்களில் எண்ணிக்கொண்டு அருள்நிறை மந்திரத்தைச் சொல்வாராம். வேலையிடத்தை அடைந்ததும் அதுவும் இல்லை. பாறை பேசும் என்பது அவர் வாக்கு. வெடிப்பதற்கு முன் சிறு முறிவுகள் கேட்கும், துகள் உதிரும். அப்போது காது பாறையிடம் இருக்க வேண்டும். ஜெபத்தில் ஆழ்ந்து பாறையைக் கேளாதுவிட்டவன் தன்னையும் கொல்வான், உடனிருப்பவனையும் கொல்வான். ஆகவே அங்கே ஒரே ஒரு வாக்கியம், ஒரு மூச்சில் முடிவது. சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பது. மறுபடியும் நினைவு வந்தால் மறுபடியும் சொல்வது.

எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாத மாமா, தாம் அறியாமலே ஒரு தொன்மையான மரபில் நின்றிருக்கிறார். எகிப்து நாட்டுப் பாலைவனத் துறவிகள் மிகச் சுருக்கமான ஜெபங்களை அம்பு எய்வதுபோல் அடிக்கடி எய்தனர் என்றும், நீண்ட ஜெபத்தில் கூர்மை மழுங்கிவிடும் என்று அவர்கள் அஞ்சினர் என்றும், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனார் புரோபா என்னும் விதவைக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அதே நூற்றாண்டின் காசியன், எழுபதாம் சங்கீதத்தின் முதல் வசனம் ஒன்றையே நடக்கையிலும் உண்கையிலும் வேலை செய்கையிலும் சொல்லிக்கொண்டிருக்கும்படி துறவிகளுக்குக் கூறுகிறார். தமிழ்க் கத்தோலிக்கர் இவ்வகைச் சிற்றொலிகளை 'மனவல்லபச் செபம்' என்று வழங்குவர்.

மாமா சொன்ன மற்றொரு செய்தி நாம் எதிர்பாராதது. சுரங்கம் ஓடிய நாளில் பராக்கு குறைவாக இருந்ததாம். சங்கு ஊதும், ஆலை இடிக்கும், பிள்ளைகள் கத்துவார்கள். அவற்றினூடே மாலை உருளும். சங்கு நின்று ஊர் அமைதியான பிறகே மனம் நிலைகொள்ளவில்லை என்கிறார். சேரவேண்டிய பணம், மகனின் வேலை, பெயர்த்தெடுத்துப் போகப்பட்ட இயந்திரங்கள் என்று எங்கெங்கோ அலைகிறது. சத்தத்தில் வெளியிலிருந்து வந்த கலக்கம், அமைதியில் உள்ளிருந்து வருகிறது. கதவடைத்த அறையைப் பற்றிக் கனவு காண்போர் இதனையும் சிந்திக்க வேண்டும். தெரேசம்மாளுக்கு அறையும் இருந்தது, கதவும் இருந்தது.

மாமாவின் மகன் பெங்களூரில் வேலை செய்கிறார். தங்கவயலிலிருந்து நாள்தோறும் ரயிலேறிச் சென்று இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோருள் ஒருவர். அலுவலகத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ். ஞாயிற்றுக்கிழமை எந்த மொழிப் பூசைக்கும் செல்வார். ஆனால் ரயிலில் கண்ணை மூடிச் சொல்லும் ஜெபம் தமிழிலேதான் வருகிறது என்று நம்மிடம் கூறினார். ஆங்கிலத்தில் சொன்னால் சொற்கள் வருகின்றன, தாம் வருவதில்லை என்றார். டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலருக்கு இது விளங்கும். கணக்கு எண்ணுவதும் ஜெபம் சொல்வதும் ஒருவனுடைய நாவில் கடைசியாக மொழி மாறுவன. சவேரியார் தெருவிலே மணியாட்டிக் கற்பித்த அதே முறையில், வாய்வழியாகத் தாயிடம் கற்றவை அவை. மாமாவின் மகன் கவலைப்படுவது தம் பெண்ணைப் பற்றி. அவளுக்குத் தமிழ் ஜெபங்கள் பாதிதான் தெரியும். கைப்பேசியைப் பார்த்துப் படிக்கிறாள். நடுவிலே வேறு செய்தி வந்துவிடுகிறது. அவளைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை.

அன்று மாலை நாம் விடைபெறும் நேரம். திண்ணையில் மாமா ஜெபமாலையோடு அமர்ந்திருந்தார். எதிரே சயனைடு மணல்மேட்டின்மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாரிக்குப்பம் வண்டி ஊதும் ஒலி கேட்டது. மாமா சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, மகன் அதிலேதான் வருகிறானோ என்று தெருவைப் பார்த்தார். அத்தையிடம் உலையேற்றச் சொன்னார். நம்மிடம் பஸ் எப்போது என்று விசாரித்தார். இவ்வளவு நேரமும் பெருவிரலும் சுட்டுவிரலும் பிடித்திருந்த மணியை நழுவ விடவில்லை. பிறகு தலையைக் குனிந்து, அந்த மணியிலிருந்தே தொடங்கினார்.